சித்திரையில வெளுக்கும், ஆவணியில பணம் வரும்

வா ளா, பேத்தி. அந்த வலை மேல உக்காராத, ஈரமா கெடக்கு. இந்தப் பெட்டி மேல உக்காரு. கையில என்னது? மனுவா? நாப்பது பக்கத்துக்கா? நாங்க அண்ணன் தம்பி சொத்துப் பிரிச்சப்பவே அஞ்சு பக்கம்தான் வந்துச்சு. அதுலயும் ஒரு பக்கம் முழுக்க கைநாட்டு.

தலைப்ப மட்டும் வாசி, கேப்போம். "மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவில் பவளப்பாறைகளின் நீண்டகாலக் கண்காணிப்பு." நல்லாருக்கு. ஆனா கிடைக்காது. தலைப்புலயே கெடுத்துட்ட ளா. "நீண்டகால"ன்னு எழுதினா காசு குடுக்கிறவன் காதுல "நீண்டகாலக் கடன்"னுதான் விழும். பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை, "இன்னும் அம்பது வருசம் ஒங்க வீட்டுலதான் சாப்பிடுவேன்"னு வாயைத் தொறந்து சொல்லுவானா? உண்மை அதுதான். சொல்லுவானா?

நான் எத்தனை திட்டத்துக்கு வள்ளம் ஓட்டியிருக்கேன்னு ஒங்க சாருட்ட கேளு. ஆறு. ஆறு திட்டத்துக்கும் ஆறு பேரு. ஒண்ணு "அடிப்படை ஆய்வு". அடுத்தது "தாங்குதிறன் மதிப்பீடு". பெறகு "பருவநிலைத் தகவமைப்பு". நடுவுல ஒரு வருசம் "நீலப் பொருளாதாரம்"னு வந்துச்சு. அந்த வருசம் சட்டைகூட நீலக் கலர்ல குடுத்தாவ. ஆனா கடலுக்குள்ள நடந்தது என்ன? அதே பவளப் பாரு. அதே இருவது மீட்டர் டேப்பு. ரெண்டு பிள்ளைய டேப்ப விரிச்சுப் பிடிச்சிக்கிட்டு, அதுக்குக் கீழ உசுரோட கெடக்க பவளம் எவ்வளவு, செத்தது எவ்வளவு, மணல் எவ்வளவு, பாசி எவ்வளவுன்னு பிளாஸ்டிக் சிலேட்டுல பென்சில வச்சு எழுதும். அந்த டேப்புல பதினாலாவது மீட்டர் கிட்ட ஒரு முடிச்சு இருக்கும் பாரு, நான் போட்டது. ஆறு திட்டமும் அந்த முடிச்சத் தாண்டித்தான் போயிருக்கு.

அதனால முதல் புத்தி இது. எண்ணப் போறேன்னு எழுதாத. "புதுமையான முறையில்" எண்ணப் போறேன்னு எழுது. ட்ரோன் சேத்துக்கோ. செயற்கை நுண்ணறிவு சேத்துக்கோ. கச்சான் காத்து அடிச்சுத் தண்ணி கலங்கிக் கெடக்கும்போது ட்ரோனுக்குத் தெரியப் போறது என் வழுக்கை மண்டைதான். அத எழுத வேண்டாம்.

சிரிக்காத ளா. ஒன்ன மட்டும் இப்படி ஆட்டி வைக்கல. ஹவாய்த் தீவுல மவுனா லோவா மலை மேல கீலிங்னு ஒரு மனுசன் 1958-லருந்து காத்துல கரியமில வாயு எவ்வளவுன்னு அளந்தாரு. கொஞ்ச வருசத்துல, "இது தினமும் செய்ற வேலைதான, இதுல ஆராய்ச்சி எங்க இருக்கு"ன்னு காசக் குறைச்சிட்டாவ. அவரு வரஞ்ச கோட்டுல 1964-ல ஒரு சின்ன ஓட்டை விழுந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த ஓட்டை அப்படியே இருக்கு. இப்போ உலகம் சூடாகுதுன்னு பேச எந்திரிக்கவன் எல்லாம் அந்தக் கோட்டத்தான் பிடிச்சிக்கிட்டு எந்திரிக்கான். வள்ளத்துல உக்காந்து ஒங்க சாரு சொன்ன கதை இது. பாதி தூக்கத்துல கேட்டேன், ஓட்டைன்னதும் முழிச்சிக்கிட்டேன். வள்ளக்காரன் காதுல ஓட்டைன்னு விழுந்தா தூக்கம் வருமா?

ரெண்டாவது புத்தி, காலண்டரப் பாரு. இந்தச் செவுத்துல தொங்குற தினசரிக் காலண்டரு இல்ல, சர்க்காரு காலண்டரு. நம்ம கடல்ல பவளம் வெளுக்கது எப்போ? சித்திரை, வைகாசி, ஆனி. ஏப்ரல்ல தொடங்கி ஜூன் வரைக்கும். தண்ணி 30 டிகிரியத் தாண்டி அப்படியே நின்னுச்சின்னா வெளுப்பு வந்துரும். சர்க்காரு கணக்கு எப்போ முடியுது? மார்ச் 31. அன்னைக்குள்ள செலவழிக்காத காசத் திருப்பிக் கட்டு. செலவழிச்சதுக்கு யூ.சி., அதான் பயன்பாட்டுச் சான்றிதழ், குடு, தணிக்கைக்காரர்ட்ட முத்திரை வாங்கு, மேல அனுப்பு. அது மேல போயி, பக்கத்து மேசைக்குப் போயி, ஒரு கேள்வியோட கீழ வந்து, பதிலோட திரும்ப மேல போயி, அடுத்த தவணை ஒன் கையில வந்து சேர ஆவணி ஆயிரும். பவளம் வெளுக்க மாசமும் பணம் வராத மாசமும் ஒண்ணு ளா! நாள் பாத்துக் குறிச்சாக்கூட இப்படிப் பொருத்தம் அமையாது.

ஆவணியில பணத்தோட போயிப் பாத்தா என்ன இருக்கும்? கச்சான் காத்து எடுத்து அடிக்கும். தண்ணி மோர் மாதிரி கலங்கிக் கெடக்கும். வெளுத்ததுல பாதி செத்து, அது மேல பாசி ஏறிப் பச்சையா நிக்கும். அப்போ எழுதுவாவ, "பவளம் இறந்துள்ளது"ன்னு. சூட்டுல செத்துச்சா, நோவுல செத்துச்சா, எவனாவது நங்கூரத்தப் போட்டு ஒடச்சானா? யாருக்குத் தெரியும்? எழவு வீட்டுக்குக் கருமாதி அன்னைக்கு வந்துட்டு, எப்படிச் செத்தாருன்னு பொணத்தத் தேடுற கதைதான்.

வெளுத்ததெல்லாம் செத்ததுன்னும் எழுதிராத. அது ஒனக்குத் தெரியும், மனுவ வாசிக்கவனுக்குத் தெரியாது. பவளப் பூச்சி ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெயில வாங்கிச் சமையல் பண்ணிப் போடுறது அதுதான். பவளத்துக்கு நெறமும் அதாலதான். சூடு தாங்கலன்னா பவளம் அந்தச் சமையல்காரன வெளிய தள்ளிரும். தள்ளிட்டு வெள்ளை வேட்டி கட்டுன பண்ணையார் கணக்கா பட்டினி கெடக்கும். சில வாரத்துல தண்ணி குளுந்துச்சின்னா சமையல்காரன் திரும்ப வருவான், நெறமும் வரும். குளுரலன்னா போச்சு. அதனால வெளுக்கும்போதும் பாக்கணும், மூணு மாசம் கழிச்சும் பாக்கணும், அடுத்த வருசமும் பாக்கணும். ஒரு தடவ மட்டும் போயி போட்டோ எடுத்துட்டு வாரவன், கல்யாண வீட்டுல இலை போடும்போதே எந்திரிச்சிப் போயி சாப்பாடு எப்படின்னு ஊருக்குச் சொல்லுறவன்.

2016-ல நடந்தத நீயே ஒங்க புஸ்தகத்துல படிச்சிருப்ப. நம்ம வளைகுடாவுல உசுரோட இருந்த பவளப் பரப்பு ஏறக்குறைய 39 விழுக்காட்டுலருந்து 23-க்கு எறங்கிருச்சு. அதுக்கு முன்ன 2010-லயும் வெளுத்துச்சு. அதுக்கும் முன்ன 1998-ல வந்ததுதான் பெரிய வெளுப்பு. "39-லருந்து 23"ன்னு சொல்ல முடியுதுன்னா என்ன அர்த்தம்? 2016-க்கு முன்னமே யாரோ வருசா வருசம் டேப்பப் பிடிச்சிக்கிட்டு முங்கியிருக்கான். அந்த 39-க்குப் பொன்னாடை போத்த யாரும் வரல. 23 வந்தப்போ எல்லாப் பேப்பர்க்காரனும் வந்தான்.

மூணாவது புத்திக்கு முன்ன ஒண்ணு ஒத்துக்கிடுதேன். ஒன் மனுவுல "மூத்த மீனவர்களின் பாரம்பரிய அறிவு"ன்னு ஒரு பத்தி வச்சிருக்க பாரு, அதுல என் பேரு வரும். வரட்டும், பேட்டா கிடைக்கும். ஆனா என்ன நம்பாத. நான் சின்னப் பயலா இருக்கையில வான்தீவுக்கிட்ட இருந்த மான்கொம்புப் பவளம் இடுப்பளவு ஒசரம்னு முதல் திட்டத்துக்காரிட்ட சொன்னேன். ரெண்டாவது திட்டத்துல நெஞ்சளவு ஆச்சு. போன மாசம் ஒங்க சாருட்ட தலைக்கு மேலன்னு சொல்லிட்டேன். அவரும் எழுதிக்கிட்டாரு. செத்த பவளம் என் வாயிக்குள்ளதான் இந்தக் கதியில வளருது. இந்தப் பக்கம் என் பேரனப் பாரு. இப்போ கெடக்குற அரைகுறைப் பாரப் பாத்துட்டு, "தாத்தா, எவ்வளவு அழகு"ங்கான். அவனுக்கு இதுதான் கணக்குத் தொடக்கம். நான் கூட்டிச் சொல்லுவேன், அவன் கொறச்சலே தெரியாம வளருவான். ரெண்டு பேருக்கும் நடுவுல பொய் சொல்லாத ஒரு ஆளு வேணும். அது அந்த இருவது மீட்டர் டேப்பு.

இன்னொண்ணையும் எழுதிக்கோ, பேரு போடாம. நானும் ஒடச்சவன்தான். சங்கு குளிக்கப் போகாத நாள்ல கடப்பாறையோட எறங்கி பவளக்கல்ல ஒடச்சு வள்ளம் வள்ளமா ஏத்தியிருக்கோம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போச்சு, தொழிற்சாலைக்குப் போச்சு. அந்தக் காலத்துல யாரும் தப்புன்னு சொல்லல, கூலி குடுத்தாவ. பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில, புலியோட வரிசையில, எடம் கிடைச்சது 2001-ல. அதுக்குள்ள விலாங்குசல்லித் தீவும் பூவரசன்பட்டித் தீவும் தண்ணிக்கு அடியில போயிட்டு. 21 தீவுன்னு பலகையில எழுதியிருக்கு. எண்ணிப் பாத்தா 19-தான் தலை காட்டும். அன்னைக்கு நாங்க பவளத்தச் சுட்டு ஊருக்கு வெள்ளையடிச்சோம். இன்னைக்கு ஊரு எரிக்க கரி, பவளத்துக்கே வெள்ளையடிக்கி.

1986-ல தேசியப் பூங்கான்னு சொல்லி 560 சதுர கிலோமீட்டர வளைச்சுப் போட்டாவ. வனத்துறைச் சீட்டு இல்லாம நீ உள்ள போக முடியாது. வலையோட நானும் போக முடியாது. சரி, எங்க வயித்துல துண்டப் போட்டாச்சு, பாருக்காகன்னு பொறுத்துக்கிட்டோம். ஆனா வெந்நீருக்குச் சீட்டுக் கேக்க எவனும் இல்ல. அது வாச்சரு கண்ணு முன்னாலயே போயிட்டு வருது. தடுக்கத்தான் முடியல, உள்ள போனது எத்தனை டிகிரின்னு எழுதியாவது வைக்க வேண்டாமா? எங்கள வெளிய நிப்பாட்டினது பாருக்கு நல்லதாச்சா இல்லியான்னு சொல்லுறதுக்கும் அந்த எழுத்துதான் வேணும். அது இல்லன்னா எதுக்குப் பட்டினி கெடந்தோம்னு எங்களுக்கே தெரியாது.

இப்போ மூணாவது புத்தி. காசு தேருக்கு வரும், வடத்துக்கு வராது. நம்ம பனிமய மாதா கோயில் தங்கத்தேரு இழுக்கும்போது பாத்திருக்கியா? எங்கருந்துதான் அவ்வளவு சனம் வருமோ. மறுநாள் காலையில அந்த வடத்தச் சுருட்டி வைக்க எத்தனை பேரு நிப்பான்? அதே மாதிரிதான். வான்தீவுக்கு முன்னால கடலுக்குள்ள சிமெண்டுப் பாரு எறக்கினாவ. நல்ல வேலைதான், அலை தீவக் கரைக்கத இது தடுக்கும், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எறக்குறதுக்கு ஒரு தேதி இருக்கு, போட்டோ இருக்கு, கல்வெட்டு இருக்கு. அதுல பவளம் ஒட்டிச்சா, எத்தனை மீன் வந்துச்சு, பத்து வருசம் கழிச்சு நிக்குதான்னு எண்ணுறவனுக்கு என்ன கல்வெட்டு? முங்கினான், எண்ணினான், எந்திரிச்சான். போட்டோ எடுத்தா ஒரு நனஞ்ச ஆளு. அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாக்காரன் என்ன செஞ்சான்னு கேட்டியா? அங்க உள்ள பெரிய பவளத்திட்டுக்கு 2018-ல 44 கோடியே 33 லட்சம் டாலர தூக்கிக் குடுத்தாவ. யாருக்கு? முழுநேர ஆளு ஆறே பேரு இருந்த ஒரு அறக்கட்டளைக்கு. அவிய மனுவே போடல. டெண்டரும் கிடையாது. கூப்புட்டு உக்கார வச்சுக் குடுத்துட்டாவ. அடுத்த வருசம் தணிக்கைக்காரவ வந்து, "என்னய்யா இது"ன்னு கேட்டாவ. நீ நாப்பது பக்கம் எழுதிட்டு வந்து நிக்க. இப்போ தெரியுதா, மனுவுல ஒன் தப்பு என்னன்னு? மனு போட்டது.

ஆனா அந்த ஊருக்காரன்ட்ட ஒரு நல்ல பழக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. 1980-கள் நடுவுலருந்து வள்ளத்துக்குப் பின்னால கயித்துல ஒரு பலகையக் கட்டி, அதப் பிடிச்சிக்கிட்டு ஒரு ஆளு தொங்கிக்கிட்டே பார எண்ணிக்கிட்டுப் போறான். ஒரு வருசம், ரெண்டு வருசம் இல்ல. 27 வருசக் கணக்கச் சேத்து 2012-ல சொன்னாவ, பவளம் பாதியாக் கொறஞ்சிட்டுன்னு. அதுல 48 விழுக்காடு புயலால, 42 விழுக்காடு பவளத்தத் திங்க முள்நட்சத்திர மீனால, 10 விழுக்காடு வெளுப்பால. மூணு வருசத் திட்டத்துல இதச் சொல்ல முடியுமா? எந்தக் களவாணி எவ்வளவு எடுத்தான்னு பிரிக்கணும்னா ராத்திரி பூரா முழிச்சிருக்கணும். வெள்ளி முளைக்கையில எந்திரிச்சு வந்தவன் கதவு தொறந்து கெடக்குன்னு மட்டும்தான் சொல்லுவான்.

மூணு வருசம்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. உருண்டையா பாறை மாதிரி கெடக்குமே, போரைட்டிஸ்னு சொல்லுவிய, அது வருசத்துக்கு எவ்வளவு வளரும்? ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அப்போ மூணு வருசத் திட்டத்துல மூணு சென்டிமீட்டர். என் பெருவிரல் நகம் இதவிட வேகமா வளருது, அதுக்கு யாரும் யூ.சி. கேக்கல. பசிபிக் கடல்ல அமெரிக்க சமோவாவுல, பாகோ பாகோ துறைமுகத்துல மேயர்னு ஒருத்தரு 1917-ல கரையிலருந்து கடலுக்குள்ள ஒரு கோடு போட்டு, அதுல கெடந்த பவளத்த எண்ணி வச்சாரு. 1922-லயே அவரு போய்ச் சேந்துட்டாரு. 1973-ல வேற ஆளுவ வந்து அதே கோட்டுல திரும்ப எண்ணினாவ. அதுக்குப் பெறகும் வந்துக்கிட்டே இருக்காவ. அந்த மனுசன், "மூணு வருசத்துல எதிர்பார்க்கும் விளைவுகள்"ங்கிற கட்டத்துல என்ன எழுதியிருப்பாருன்னு நெனச்சுப் பாக்கேன். "நான் செத்ததுக்கப்புறம் வாங்க"ன்னு எழுதியிருக்கணும்.

நம்ம பெரியவங்களுக்கு இது தெரியாமலா இருந்துச்சு? சோழராசா காலத்துல கோயில்ல ஒரு நந்தா விளக்கு எரியணும்னா 96 ஆடு குடுப்பாவளாம். எங்க பள்ளிக்கூட வாத்தியாரு சொன்னது. அந்த ஆட்ட ஒரு இடையர்ட்ட விட்டுருவாவ. கெழடு போகும், குட்டி வரும், மந்தை கொறையாது. சாவா மூவாப் பேராடுன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்காவ. தினம் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு வந்துரும். விளக்குக்கு எண்ணெய் வேணும்னு வருசா வருசம் நாப்பது பக்கம் மனு எழுதச் சொல்லல. "புதுமையான முறையில் எரிப்பீர்களா"ன்னும் கேக்கல. மூணு வருசம் எரிஞ்சது போதும், இனி விளக்கு தன்னால எரியணும்னும் சொல்லல. இப்போ பெரிய கம்பெனிக்காரன் லாபத்துல நூத்துக்கு ரெண்டு சமூகத்துக்குன்னு குடுக்கணும்னு 2013-லருந்து சட்டம் இருக்குல்லா. அவன்ட்டப் போயி டீ-சர்ட்டும் பேனரும் கேக்காத ளா. ஆடு கேளு. மொத்தமா ஒரு தொகைய வங்கியில போடச் சொல்லு, வட்டியில டீசலும் சிலிண்டருக்குக் காத்தும் நடக்கட்டும். தர மாட்டான். ஆட்டு மேல அவன் கம்பெனி பேர எழுதுறதுக்கு எடம் இருக்கான்னு கேப்பான். இருக்குன்னு சொல்லிரு.

அந்தத் தண்ணி சூடு பாக்க கருவி இருக்கே, பாட்டரி போட்டு அடியில கட்டி விடுவியளே, அதப் பத்திச் சொல்ல மறந்துட்டேன். நாலாவது திட்டத்துல ஒண்ணக் கட்டினோம். மணிக்கு ஒரு தடவ சூடு எவ்வளவுன்னு குறிச்சிக்கிடும். திட்டம் முடிஞ்சிட்டு. பிள்ளையளெல்லாம் வேற வேலைக்குப் போயிட்டு. ஒண்ணு இப்போ பேங்குல இருக்கு, எனக்குக் கடன் இல்லன்னு சொன்னது அதுதான். ஆனா அந்தக் கருவிட்ட யாரும் திட்டம் முடிஞ்சதச் சொல்லல. அது பாட்டுக்கு அங்கனயே கெடந்து மணிக்கு ஒரு தடவ எழுதிக்கிட்டே இருந்துச்சு, பாட்டரி தீர்ற வரைக்கும். அத எடுத்துட்டு வர ஒரு நடை வள்ளம் போகணும். அதுக்கு பட்ஜெட்டுல ஹெட்டு இல்லன்னுட்டாவ.

அடையாளக் கம்பி கதை ஒனக்குத் தெரியாது. டேப்ப எந்த எடத்துல விரிக்கணும்னு தெரிய, பாருல இரும்புக் கம்பி அடிச்சு வச்சிருந்தாவ. ஒரு வருசம் போனா கம்பியக் காணோம். ஒங்க சாரு ரெண்டு நாளு முங்கி முங்கித் தேடினாரு. நான் வள்ளத்துல உக்காந்து பீடி குடிச்சிக்கிட்டு இருந்தேன். ஏன்னா அந்தக் கம்பி என் மச்சினன் மகன் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு நடுத்தூணா நிக்கது எனக்குத் தெரியும். புதுக் கம்பி வாங்க அந்த வருசத்துல காசு இல்ல. சரி, ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நானே போயி வேற கம்பி அடிச்சிட்டு வந்தேன். எடம் எப்படித் தெரியும்ங்கியா? அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒத்தையாத் தெரியணும். தீவோட தென்கோடி எடது தோளுக்கு நேரா வரணும். அப்போ கீழ பாத்தா ரெண்டு பாகம் ஆழத்துல கம்பி நிக்கும். ஜி.பி.எஸ். தப்பினாலும் புகைபோக்கி தப்பாது. வெந்நிய உண்டாக்குற ஆளே வழியும் காட்டுதான், என்ன செய்ய?

சரி, மனுவ உள்ள வையி, நனஞ்சிரும். தலைப்புல "நீண்டகால"வ அடிச்சிட்டு "முதல் கட்டம்"னு போடு. எத்தனையாவது முதல் கட்டம்னு யாரும் கேக்க மாட்டாவ. வள்ள வாடகைன்னு எழுதாத, "கடல்சார் போக்குவரத்து மேலாண்மை"ன்னு எழுது, கூடக் கிடைக்கும். போன திட்டத்துல எனக்கு மூணு நடை வாடகை பாக்கி நிக்கி. யூ.சி. வந்ததும் தாரோம்னாவ. அந்த யூ.சி.ங்கிற ஆள நான் இன்னும் நேருல பாத்ததில்ல.

இன்னைக்குப் பங்குனி இருவத்தெட்டு. காத்து விழுந்து கெடக்கு, தண்ணி கண்ணாடி. காலையில கை நனைச்சேன், சூடு கூடத்தான் தெரியுது. ஒன் பணம் வர ஆவணி ஆகும். சிலேட்டும் டேப்பும் இருக்குல்லா? விடியக்காலம் நாலரைக்கு வா. டீசல் என் கணக்கு. நாலாவது நடைன்னு எழுதி வச்சிக்கிடுதேன்.